உறவை நிகழ்வியல் வழியில் ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பென்னாகரம், பாலக்கோடு பக்கமிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய், பண்டிகைக்கோ வாரக் கடைசிக்கோ மட்டும் வீடு திரும்புகிறவர்கள் பலர். அந்தக் குடும்பங்களின் உறவை ஆய்வேட்டுக்கு எடுக்கும் மாணவர்கள் முதல் கேள்வியிலேயே சறுக்குகிறார்கள். "ஏன் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டால் "காசுதாங்க" என்று காரணம் வரும். காரணம் தேட வேறு துறைகள் உண்டு. நிகழ்வியல் (phenomenology) பார்ப்பது, ஓர் அனுபவம் அதை வாழ்ந்தவருக்கு எப்படித் தோன்றுகிறது என்பதைத்தான். "போன தடவை அவர் வந்தப்போ என்ன நடந்துச்சு, சொல்லுங்கம்மா. நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டால்தான் அனுபவம் வரும்.

"அவரு இருக்கற ரெண்டு நாளும் அடுப்பங்கரை என்னுது மாதிரியே இல்லீங்க" என்று ஒரு பெண் சொல்வதாக வைத்துக்கொள்வோம். உடனே ஓரத்தில் 'ஆணாதிக்கம்', 'மன அழுத்தம்' என்று குறித்தால் ஆய்வு அங்கேயே நின்றுவிடும். நிகழ்வியலைத் தொடங்கிவைத்த தத்துவவாதி ஹுஸ்ஸெர்ல் 1913-இல் விளக்கிய நிறுத்திவைப்பு (epoché), அதாவது முன்கூட்டியே நம்புவதைத் தற்காலிகமாக ஒதுக்கி வைப்பது, இங்கேதான் உதவும். அது மனதைக் காலியாக்குவதல்ல, உலகத்தை மறுப்பதுமல்ல. உலகம் இருக்கிறது என்ற நம்பிக்கையையே அவர் இடைநிறுத்தினார். களஆய்வுக்கு அவ்வளவு வேண்டாம். உங்கள் ஊகங்களைப் பேட்டிக்கு முன் ஒரு தாளில் எழுதி ஒதுக்கி வைத்தால் போதும். பிறகு கேளுங்கள்: கை எதைத் தேடியது? எந்தப் பக்கம் முதுகு காட்டி நின்றார்? காது எந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தது? இடம் நமக்கு உடல் வழியாகவே விரிகிறது என்று பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ-பொந்தி 1945-இல் காட்டினார். உடல் விட்டுப்போன பேட்டியில் வெறும் கருத்துகளே மிஞ்சும்.

"எனக்குப் புரியுதுங்கம்மா" என்று இடைமறிப்பதும் தவறு. ஹுஸ்ஸெர்லின் மாணவி எடித் ஷ்டைன் 1917-இல் வெளியிட்ட ஆய்வேட்டின்படி, அடுத்தவர் துக்கத்தை நாம் உணரலாம், ஆனால் அது நம் சொந்தத் துக்கமாக நேரடியாகக் கிடைப்பதில்லை. அந்த இடைவெளியை மூடாமல் பேட்டியில் விட்டுவைக்க வேண்டும்.

ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர் 1927-இல் பேசிய உண்மைத்தன்மையை (authenticity, தன் வாழ்வைத் தனதாக ஏற்று வாழ்வது) 'ஊர் வாயை உதறிவிட்டு மனம்போல் வாழ்வது' என்று எழுதுபவர்களும் உண்டு. அவர் சொல்லும் ஊரில் நாமும் அடக்கம், அதனால் அதை அப்படியே உதறிவிட முடியாது. பேட்டி கொடுத்தவர்களுக்கு உண்மையானவர், போலியானவர் என்று பட்டம் கட்டாதீர்கள்.

பகுப்பாய்வில் அமெரிக்க உளவியலாளர் ஜியார்ஜியின் (Giorgi) முறை கைகொடுக்கும். குறைந்தது மூன்று பேர் வேண்டும். பேட்டியை வட்டார வழக்கு மாறாமல் எழுதி, முழுதும் படியுங்கள். பொருள் திரும்பும் இடங்களில் கோடு போட்டுப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் படர்க்கையில், அதன் பொருள் துலங்கும்படி மாற்றி எழுதுங்கள். கடைசியில் எல்லோருக்கும் பொதுவான அமைப்பைத் தேடுங்கள். "ஆறில் நான்கு பேர் இப்படிச் சொன்னார்கள்" என்று சதவீதம் போட்டால் அது அரைகுறை சர்வேதான்.