சிங்கப்பூர் வேலைக்குக் குடும்பத்தோடு போகலாமா: கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரிலிருந்து வேலைக்கான கடிதம் வந்த அன்று பல வீடுகளில் முதலில் நடப்பது ஒரு பெருக்கல் கணக்கு. நானும் திருச்சியில், நாட்காட்டித் தாளின் பின்புறத்தில், சம்பளத்தை அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கி, வந்த விடையைப் பார்த்து மலைத்துப்போய், இனி யோசிக்க என்ன இருக்கிறது என்று எழுந்தவன்தான். குடும்பத்தோடு ஆறு ஆண்டு அங்கே இருந்துவிட்டுத் திரும்பிய பிறகு, இதே கேள்வியோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது சம்பளத்தைப் பற்றி அல்ல. வேலை கிடைத்திருப்பது வீட்டில் ஒருவருக்கு. மற்ற மூவருக்கோ நால்வருக்கோ அந்த ஊரில் என்ன கிடைக்கும், இங்கே அவர்கள் எதை விட்டு வருகிறார்கள் என்பதை எழுதிப் பார்த்தீர்களா என்பதுதான் என் கேள்வி. எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் போகிற, பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்பார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

கடிதம் வந்துவிட்டது என்பதற்காக இங்கே ராஜினாமா கொடுக்காதீர்கள். நிறுவனம் உங்களுக்காக விண்ணப்பித்து, மனிதவள அமைச்சு கொள்கையளவில் ஒப்புதல் அளித்த கடிதம் கைக்கு வரும்வரை உங்களுக்கு அங்கே வேலை இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். 2023 செப்டம்பர் முதல் புதிய விண்ணப்பங்கள் காம்பஸ் என்ற புள்ளி முறையில் 40 புள்ளிகள் பெற வேண்டும். பட்டச் சான்றிதழ் உண்மையானதுதானா என்பதற்கான சரிபார்ப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜனவரி முதல் 5,600 வெள்ளி என்று செய்தியில் படித்திருப்பீர்கள். அது இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவருக்கான தொகை. வயது ஏற ஏற உயர்ந்து, நாற்பதுகளின் நடுவில் 10,700 வெள்ளியாகிறது, நிதித் துறையில் அதற்கும் மேல். முப்பத்தெட்டு வயதில் 7,000 வெள்ளிக்கு ஒருவர் உங்களை அழைத்தால், அந்த அழைப்பில் ஏதோ இடறுகிறது என்று சந்தேகப்படுவது நியாயம்.

மனைவியையும் பிள்ளைகளையும் டிபென்டன்ட் பாஸில் அழைத்துக்கொள்ள உங்கள் நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி இருந்தால் போதும். இந்தத் தகுதி இருக்கிறதா என்று பார்த்ததும் நம்மில் பலர் குடும்ப விஷயம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம், ஆனால் அந்தப் பாஸ் அவர்களுக்கு அங்கே வசிக்கும் உரிமையை மட்டுமே தருகிறது. 2021 மே முதல், டிபென்டன்ட் பாஸில் வந்தவர் ஒரு நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டுமானால் தமக்கென்று தனி வேலை அனுமதி பெற்றாக வேண்டும். முன்பு ஒரு சம்மதக் கடிதத்தோடு நடந்த காரியம் அது. பழைய கதையைச் சொல்லி ஆறுதல் தரும் உறவினர்கள் இந்த மாற்றத்தை அறிந்திருக்க மாட்டார்கள். ஆகவே இங்கே வங்கியிலோ பள்ளியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ வேலை பார்க்கும் மனைவி, அல்லது வேலை கிடைத்தது மனைவிக்கு என்றால் கணவர், அங்கே போனபின் பார்த்துக்கொள்ளலாம் என்று வேலையை விடுவதற்கு முன், தம்முடைய துறையில் தனி அனுமதி கிடைக்கும் அளவுச் சம்பளத்துக்கு அங்கே ஆள் எடுக்கிறார்களா என்று விசாரிப்பது அவசியம். ஊதியமில்லா நீண்ட விடுப்பு கேட்டுப் பெற முடியுமானால் அதை முதலில் கேளுங்கள். என் மனைவி பதினோரு ஆண்டு பணிக்காலத்தை விட்டுவிட்டு வந்தார். எங்கள் முடிவின் உண்மையான விலை அதுதான் என்பது எனக்குப் புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின.

இனிக் கணக்குக்கு வருவோம். முப்பத்தெட்டு வயதுக்காரர், மனைவி, தொடக்கப்பள்ளி வயதில் ஒரு பிள்ளை, பாலர் பள்ளி வயதில் ஒரு பிள்ளை, மாதச் சம்பளம் 9,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வீவக எனப்படும் அரசுக் குடியிருப்பில் நான்கறை வீட்டுக்கு வாடகை 3,400 வெள்ளி. நான்கறை என்றால் மூன்று படுக்கையறையும் ஒரு கூடமும். நம் ஊர்க் கணக்கில் எண்ணி ஏமாறவேண்டாம். அரசுப் பள்ளியில் வெளிநாட்டுப் பிள்ளைக்கான கட்டணத்துக்கு 1,000, பாலர் பள்ளிக்கு 1,200, வீட்டுச் சாப்பாடும் வெளிச் சாப்பாடும் சேர்த்து 1,300, ரயில், பேருந்துக்கு 350, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி, இணையத்துக்கு 350, மருத்துவக் காப்பீட்டுக்கு 350, வருமான வரிக்கு 500, ஆண்டுக்கு ஒருமுறை நால்வரும் ஊர் வந்து போக மாதத்துக்கு 250 என்று ஒதுக்கினால், மொத்தம் 8,700 ஆகிறது. மிச்சம் 800 வெள்ளி. மனைவி இங்கே மாதம் எண்பதாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார் என்றால், அந்த ஒரு சம்பளமே இந்த மிச்சத்தைவிடப் பெரியது. உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். ஒரே பிள்ளையுள்ள வீட்டுக்கும், நிறுவனமே வாடகை தரும் வீட்டுக்கும் கணக்கு வெகுவாக மாறும். ஆனால் பெருக்கலில் தொடங்காமல் கழித்தலில் தொடங்கினால்தான் அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியும்.

இந்தப் பட்டியலில் இரண்டு இடங்களில் புதிதாக வருகிறவர்கள் சறுக்குகிறார்கள். இங்கே மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடித்தே நமக்குப் பழக்கம்; அங்கே பிடிப்பதில்லை. ஓர் ஆண்டின் வருமானத்துக்கான வரி மறு ஆண்டில்தான் கேட்கப்படும், முதலாண்டில் கையில் வந்ததையெல்லாம் ஊருக்கு அனுப்பியவர் வரி கேட்கும் கடிதம் வரும்போது திண்டாடுவார். அடுத்தது மருத்துவம். எம்ப்ளாய்மெண்ட் பாஸில் இருப்பவருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று முதலாளிக்குச் சட்டக் கட்டாயம் இல்லை, அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்குக் கிடைக்கும் சலுகைக் கட்டணமும் நமக்கு இல்லை. நிறுவனத்தின் காப்பீடு உங்களோடு நின்றுவிடுகிறதா, குடும்பத்துக்கும் உண்டா, பிரசவத்தைச் சேர்க்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலாளி சேர்ந்து கட்டும் மத்திய சேமநிதியும் வெளிநாட்டவருக்குக் கிடையாது என்பதால், இங்கே வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்துகொண்டிருந்ததை நீங்களே தனியாகச் சேமிக்க வேண்டும்.

பிள்ளைகளின் படிப்பில்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். சிங்கப்பூரில் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. ஏழு வயது நிறைகிற ஆண்டில்தான் தொடக்கநிலை ஒன்று. நம் ஊரில் அதே வயதில் இரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அங்கே ஒரு வகுப்பு பின்னால் அமர நேரும், அதைக் கௌரவக் குறைவாக எடுத்துக்கொள்வது பெற்றோர்தானே தவிரப் பிள்ளைகள் அல்ல. அரசுப் பள்ளியில் முதல் வகுப்பில் அல்லாமல் நடுவே ஒரு வகுப்பில் சேர ஏ.இ.ஐ.எஸ். என்ற தேர்வை ஆங்கிலத்திலும் கணிதத்திலும் எழுத வேண்டும். தொடக்கநிலை இரண்டு முதல் ஐந்து வரையும், உயர்நிலை ஒன்று முதல் மூன்று வரையுமே அதன் வழி சேர முடியும். தேறினாலும் இடம் உறுதியில்லை. எந்தப் பள்ளி என்பதைக் கல்வி அமைச்சு தீர்மானிக்கும். தொடக்கநிலை ஆறில் சேர வழியில்லை என்பதால், பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளை உள்ள வீடு புறப்படும் மாதத்தைத் தேர்வுக்கேற்ப வகுத்துக்கொள்வது நல்லது. இந்தியப் பாடத்திட்டம் நடத்தும் தனியார் பள்ளிகளும் அங்கே உண்டு. திரும்பி வரும்போது வகுப்பு இழக்காமல் சேர அது வசதி, ஆனால் கட்டணத்தை மேலே சொன்ன கணக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

தமிழைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. அது அங்கே நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று, அரசுப் பள்ளியில் தாய்மொழிப் பாடம். சென்னையில் இரண்டாம் மொழியாக இந்தியோ பிரெஞ்சோ எடுத்திருந்த பிள்ளைகள் சிங்கப்பூருக்கு வந்து தமிழ் எழுதக் கற்றுக்கொண்டதை எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்திலேயே பார்த்திருக்கிறேன். கவலைப்பட வேண்டியது பத்தாம் வகுப்பை நெருங்கும் பிள்ளையைப் பற்றி. நீட் எழுதித் தமிழ்நாட்டில் மருத்துவம் படிக்க வேண்டும் என்பது வீட்டின் திட்டமானால், வெளியில் படித்தவர்களுக்கான நேட்டிவிட்டி சான்றிதழ் முதலான நிபந்தனைகளை அந்த ஆண்டின் கலந்தாய்வுக் கையேட்டில் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். இந்த வயதில் பிள்ளை இருக்கும் குடும்பத்துக்கு, வேலைக்குப் போகிறவர் மட்டும் போய் இரண்டு ஆண்டு கழித்து மற்றவர்கள் சேர்வதே மேல் என்பது என் எண்ணம். அதை ஒப்புக்கொள்ளாத நண்பர்கள் எனக்கு உண்டு.

ஆண் பிள்ளை உள்ள வீட்டில் இன்னொன்றையும் இப்போதே பேசிவிடுங்கள். சில ஆண்டுகள் கழித்து நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், பெற்றோரின் விண்ணப்பத்தோடு நிரந்தரவாசியாகும் மகன் பதினெட்டு வயதை ஒட்டி இரண்டு ஆண்டு தேசிய சேவை செய்ய வேண்டியவனாகிறான். செய்யாமல் விட்டால் பின்னாளில் அங்கே படிக்கவும் வேலை பார்க்கவும் விண்ணப்பிக்கையில் அது குறுக்கே நிற்கும். சேவை செய்வதில் பெருமைப்படும் குடும்பங்கள் பல உண்டு. ஆனால் ஏழு வயதுப் பையனுக்காக நாம் போடும் கையெழுத்து அது என்பதை அறிந்து போட வேண்டும்.

அப்பா அம்மாவை அழைத்துப்போய் நம்மோடு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி வீட்டாரைச் சமாதானப்படுத்துகிறவர்கள், பெற்றோருக்கான நீண்டகால வருகை அனுமதிக்குச் சம்பளம் 12,000 வெள்ளி வேண்டும் என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். அதற்குக் கீழே என்றால் அவர்கள் விசா வாங்கிச் சில வாரங்களுக்கு வந்து போகலாம், அவ்வளவே. திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ நாலரை மணி நேரத்துக்குள் பறந்துவிடலாம் என்பது உண்மைதான், ஆனால் நள்ளிரவில் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிடும்போது நாலரை மணி நேரம் சிறிய நேரமன்று. யார் அவரை மருத்துவமனைக்குக் கொண்டு போவார்கள், யாரிடம் மாற்றுச் சாவி இருக்கும், வங்கியில் யார் பெயர் சேர்ந்திருக்கும் என்பதைத் தங்கை, மச்சான், சித்தப்பா என்று பெயர் சொல்லி, அவர்களிடமே கேட்டு, ஒப்புக்கொண்ட பிறகு எழுதிக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்ள ஆளில்லை என்று தெரிந்தால், என் பார்வையில், அதுவே விடை.

எல்லாம் ஒத்துவந்து போவதென்று முடிவானால், முதல் மூன்று மாதம் நீங்கள் மட்டும் போய் ஓர் அறையில் தங்குங்கள். சமைக்கலாமா என்று கேட்டுவிட்டு அறை எடுங்கள். "லைட் குக்கிங்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் தாளிப்பதற்கு அனுமதி இல்லை என்று பொருள். அந்த மூன்று மாதத்தில் வேலையின் உண்மையான நேரம் தெரிந்துவிடும், பள்ளியும் வீடும் நேரில் பார்க்கலாம். அதற்குள் ஊரில் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்: வெளிநாட்டில் பிறந்த பன்னிரண்டு வயதுவரையுள்ள பிள்ளைக்குத் தட்டம்மை, தொண்டை அடைப்பான் தடுப்பூசிகள் போட்டதற்கான பதிவு சரிபார்க்கப்பட்ட பிறகே டிபென்டன்ட் பாஸுக்கு விண்ணப்பிக்க முடியும். எங்கள் மகளின் அட்டை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த மஞ்சள் அட்டை. மடிப்பில் கிழிந்து ஒரு தேதி போயிருந்தது. அந்த ஒரு தேதிக்காக மூன்று வாரம் அலைந்தோம்.

வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதுதான் திரும்பி வருவதைப் பற்றி நினைக்க வேண்டும். வேலை போனால் முதலாளி உங்கள் பாஸை ரத்து செய்வார், அதோடு குடும்பத்தின் பாஸ்களும் போகும், புறப்படப் பொதுவாக 30 நாள் தருவார்கள். வரிக் கணக்கு முடியும்வரை கடைசிச் சம்பளத்தை முதலாளி நிறுத்தி வைக்க வேண்டும் என்பதும் விதி. இரண்டு ஆண்டு வாடகை ஒப்பந்தத்தில், ஓராண்டுக்குப் பின் வேலை போனாலோ மாற்றலானாலோ இரண்டு மாத அறிவிப்போடு வெளியேறலாம் என்ற ஏற்பாட்டை டிப்ளமாடிக் கிளாஸ் என்பார்கள். அது இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு மாத முன்பணம் கட்டியிருப்பீர்கள், அதோடு ஐந்து மாதச் செலவுக்கான தொகையைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் செய்ய வேண்டியவை சுருக்கமானவை. சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வைத்துக்கொள்ளும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும். நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்து வேலைக்காகப் புறப்பட்டால் அந்த ஆண்டே வெளிநாடுவாழ் இந்தியர் என்ற வரி நிலை கிடைக்கும். புறப்படும் தேதி உங்கள் கையில் இருந்தால் செப்டம்பர் மூன்றாம் வாரத்தைத் தாண்டவிடாதீர்கள். சொந்த வீட்டை முதல் இரண்டு ஆண்டுக்கு விற்கவேண்டாம். வழக்கமான பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு விட்டு, ஓர் அறையை மட்டும் பூட்டி, பிள்ளைகளின் புத்தகங்களையும் மிதிவண்டியையும் அதில் வைத்துவிட்டு, சாவியை யாரிடம் கொடுத்தீர்கள் என்பதை அப்பா அம்மாவுக்காக எழுதிய பெயர்ப் பட்டியலின் கீழேயே குறித்துக்கொள்ளுங்கள்.