பையன்களின் நாலு மணிப் பசிக்கு

வளரும் பையன்கள் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் அரிசி மூட்டை கரைவதே தெரியாது. பள்ளி விட்டு வந்து புத்தகப்பையை இறக்கும் முன்பே, "அம்மா, சாப்பிட என்ன இருக்கு?" என்பார்கள். மெகி மீ (உடனடி நூடுல்ஸ்) அப்போதைக்கு வயிற்றை அடைக்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பசிக்கும். பசி தாங்க வேண்டுமானால் புரதமும் நார்ச்சத்தும் உள்ளே போக வேண்டும்.

நம் தோட்டப்புறப் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) எளிதாகக் கிடைக்கும் தெம்பேயை, அதாவது புளிக்கவைத்த சோயாக் கட்டியை, நம்புங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் என்றால், 100 கிராம் தெம்பேயில் ஏறக்குறைய 19 கிராம். மெல்லிசாக நறுக்கி, மஞ்சள் தடவி, ஓரம் மொறுமொறுவென்று சிவக்கும்வரை கொஞ்ச எண்ணெயில் புரட்டி எடுங்கள். அதே சட்டியில் கழுவிய நெத்திலி ஒரு பிடி, வெங்காயம், மிளகாய் விழுது, கொஞ்சம் புளித்தண்ணீர். வற்றி வரும்போது தெம்பேயைக் கொட்டிக் கிளறினால் போதும். உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள், நெத்திலியிலேயே இருக்கும்.

பச்சைப்பயறும் அப்படித்தான். இரவே ஊறவைத்து மொத்தமாக அவித்துவிடுங்கள். பாதி, தேங்காய்ப்பூ போட்ட சுண்டல். மீதி, தேங்காய்ப்பால் ஊற்றிய கஞ்சி. சீனி குறைவாகவே இருக்கட்டும். சோசேஜ், நகெட் வாங்கும் காசுக்கு இது எவ்வளவோ மேல்.

அவித்த பயறு ஐஸ்பெட்டியில் மூன்று நாள் தாங்கும். மூடிய டப்பாவில், கண்ணில் படுகிற தட்டில் வையுங்கள். பையன்களே எடுத்துச் சாப்பிடுவார்கள்.