பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஓடுற நம்ம ஊரோட வரலாறை எழுதி வைக்கிறது எப்படி

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கம் இருக்கேன். காலையில பஸ் ஸ்டாப்ல நின்னு பாத்தா பாதி ஊரு அங்கதான் நிக்கும், காலேஜ் புள்ளைங்க, ஜவுளிக்கடையில வேலை பாக்குற பொண்ணுங்க, ஆபீஸ் போறவங்க எல்லாரும் ராம்நாடு, அதான் ராமநாதபுரம் டவுனு, போயிட்டு இருட்டுனப்புறம்தான் வருவாங்க. நம்ம ஊருக்கு என்னப்பா வரலாறு, ராமேஸ்வரம் போற வழியில இருக்கு அவ்வளவுதான்னு நம்ம ஆளுங்களே சொல்றாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. இந்தக் கரையில சனங்க போறதும் வர்றதும்தான் வரலாறே. முதல்ல கொழும்புக்குப் போனாங்க, அப்புறம் சவுதி துபாய், இப்ப தினமும் ராம்நாடு. கலாம் ஐயா கூட படிக்கிறதுக்கு ராமேஸ்வரத்துல இருந்து ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் ஸ்கூலுக்குத்தானே வந்தாரு. மூணு வருசமா எங்க ஊரு கதைய நோட்டுல எழுதிட்டு வர்றேன், அதுல கத்துக்கிட்டதை சொல்றேன், மண்டபம், தேவிபட்டினம், கீழக்கரை பக்கம் இருக்கவங்களும் இதே மாதிரி பண்ணலாம்.

முதல் விசயம், யார்கிட்டயும் போயி "ஊர் வரலாறு சொல்லுங்க"ன்னு கேக்காதீங்க. "எனக்கென்ன தெரியும், வாத்தியாரைப் போயி கேளு"ன்னுதான் பதில் வரும். அதுக்கு பதிலா தண்ணியில ஆரம்பிங்க. "அப்பத்தா, நீங்க கல்யாணமாகி வந்தப்ப குடிதண்ணி எங்க எடுத்தீங்க?" இந்த ஒரு கேள்விக்கு எங்க அப்பத்தா ரெண்டு மணி நேரம் பேசுச்சு. மணல்ல ஊத்து தோண்டி சிரட்டையால மோந்து மோந்து குடத்தை நிரப்புனது, விடியிறதுக்கு முன்னாடி போயி இடம் பிடிச்சது, எந்த ஊரணியில யாரு இறங்கலாம் யாரு இறங்கக்கூடாதுன்னு இருந்தது, எந்தப் பஞ்சத்துல யாரு வீட்டை பூட்டிட்டு கப்பலேறுனதுன்னு எல்லாம் அந்தத் தண்ணிக்குள்ள இருந்துதான் வந்துச்சு. ஊரணியில இறங்குற கதை வலிக்கும், ஆனா அதை விட்டுட்டு எழுதுனா அது பொய் வரலாறு. தண்ணி முடிஞ்சா பனை பத்தி கேளுங்க, பதநீர் எறக்குனது, கருப்பட்டி காச்சுனது, ஓலையில கொட்டான் பெட்டி முடைஞ்சது, சீமைக்கருவேலம் வந்தப்புறம் கரிமூட்டம் போட்டது.

அடுத்தது வருசம். பெரியவங்க யாரும் வருசம் சொல்ல மாட்டாங்க, "புயலுக்கு முன்னாடி", "பாலம் வந்தப்புறம்"னுதான் சொல்லுவாங்க, அதனால ஒரு அட்டையில இதையெல்லாம் எழுதி கையிலயே வச்சுக்கங்க. 1914ல பாம்பன் ரயில் பாலம் திறந்து போட் மெயில் ரயில் தனுஷ்கோடி வரைக்கும் போக ஆரம்பிச்சுச்சு, அங்கருந்து கப்பல்ல இலங்கையில இருக்க தலைமன்னார். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல், தனுஷ்கோடி அழிஞ்சது, பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டு போச்சு. 1983ல இருந்து இலங்கைத் தமிழர்கள் அகதியா வந்து மண்டபம் முகாம்ல இறங்குனாங்க. 1988ல ரோட்டுப் பாலம். 2004 சுனாமி. 2007ல மீட்டர்கேஜ் போயி அகல ரயில்பாதை. 2009ல நம்ம உச்சிப்புளி கடற்படை விமான தளத்துக்கு ஐஎன்எஸ் பருந்துன்னு பேரு வச்சாங்க. 2022 கடைசியில பழைய பாலத்துல ரயில் நின்னு, 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் திறந்தாங்க. யாராவது ஒரு சம்பவம் சொன்னா "அப்ப ரோட்டுப் பாலம் இருந்துச்சா, இல்ல ரயில்லதான் தீவுக்குப் போனீங்களா"ன்னு கேளுங்க, வருசம் தானா வந்து உக்காந்துரும். ஒரு தாத்தா ஸ்கூல் ஓடு பறந்த கதைய சொல்லி வருசம் தெரியலன்னாரு, அந்த வாரம் போட் மெயில் வந்துச்சான்னு கேட்டேன், "எங்கப்பா வரும், தண்டவாளமே இல்லையே"ன்னாரு, அப்ப அது 64 புயல்தான்னு புரிஞ்சுச்சு.

நேரம் பாத்துப் போங்க. மீன்பிடித் தடை ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள், அப்ப விசைப்படகுல போற அண்ணன்மாருங்க வலையை சரி பண்ணிக்கிட்டு கரையிலதான் இருப்பாங்க, நிதானமா பேசுவாங்க. கடல்பாசி எடுக்கப் போற அக்காங்களை அவங்க கரையேறி சாப்பிட்டப்புறம் பாருங்க. தினமும் வேலைக்குப் போறவங்களுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான், ஆனா ரயில்ல பக்கத்துல உக்காந்தா அதுவே போதும், வாலாந்தரவை ஸ்டேஷன் வர்றதுக்குள்ள ஒரு கதை கிடைக்கும். பஸ் போறவங்க கதை வரலாறு இல்லன்னு நினைச்சு விட்றாதீங்க, முதல்முதலா எந்த வீட்டுப் பொண்ணு ராம்நாடு காலேஜுக்கு பஸ் ஏறுச்சு, யாரு என்ன பேசுனாங்கங்கிறது எங்க ஊருல ரொம்பப் பெரிய கதை.

போன்லயே ரெக்கார்டு பண்ணலாம், ஆனா கேட்டுட்டுப் பண்ணுங்க. கடற்கரையில வச்சு எடுக்காதீங்க, கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல நான் எடுத்த ஒரு முழு பேட்டியும் வெறும் காத்து சத்தமாப் போச்சு, அந்தப் பெரியவரு இப்ப இல்ல. வீட்டுக்குள்ள, ஃபேனை நிறுத்திட்டு எடுங்க, அன்னைக்கே ரெண்டு இடத்துல காப்பி போடுங்க.

பேப்பர்ல இருக்கிறதும் முக்கியம். ஸ்கூல்ல பழைய அட்மிஷன் ரிஜிஸ்டர், பள்ளிவாசல் ஜமாஅத்துல நிக்காஹ் புத்தகம், சர்ச்சுல ஞானஸ்நானப் பதிவேடு, கோயில்ல தலைக்கட்டு வரி நோட்டு, முளைப்பாரி வரவு செலவு நோட்டு, இதெல்லாம் பொறுப்புல இருக்கவங்கள முறையா கேட்டுப் பாருங்க. கீழக்கரையில ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க) வீட்டுப் பெட்டியில இருந்த கொழும்பு கடுதாசிகளைக் காமிச்சாரு, அரிசி விலையில இருந்து யாரு எந்தக் கடையில வேலை பாத்தாங்க வரைக்கும் அதுல இருந்துச்சு. வீட்டுப் பத்திரங்கள்ல ஒரு குழப்பம் வரும். ராமநாதபுரம் 1803ல இருந்து ஜமீன், 1948 சட்டத்துக்கு அப்புறம்தான் அது ஒழிஞ்சுச்சு, அதனால பழைய பத்திரத்துல சமஸ்தானம், ஜமீன்னு இருக்கும். 1985 வரைக்கும் சிவகங்கை, விருதுநகரும் ராமநாதபுரம் மாவட்டம்தான், அதனால மாவட்டப் பேரை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, தாலுகாவையும் பாருங்க.

பழைய போட்டோ கிடைச்சா வாங்கிட்டுப் போகாதீங்க, ஜன்னல் வெளிச்சத்துல வச்சு அங்கயே போன்ல எடுங்க, பின்பக்கத்தையும் சேத்து, ஸ்டுடியோ சீல் அங்கதான் இருக்கும். யாரு யாருன்னு அப்பவே எழுதிக்கங்க.

ஒரே சம்பவத்தை ரெண்டு தெருவுல ரெண்டு விதமா சொல்லுவாங்க, குறிப்பா கோயில் முதல் மரியாதை, எருதுகட்டு தகராறு, நிலத் தகராறு. ரெண்டையும் எழுதுங்க, யாரு சரின்னு நீங்க தீர்ப்பு சொல்லாதீங்க, உயிரோட இருக்கவங்க பேரை விட்டுருங்க. எழுதுனப்புறம் சொன்னவங்ககிட்டயே உக்காந்து வாசிச்சுக் காமிங்க, வேணாம்னு சொன்ன வரியை அவங்க முன்னாடியே அடிங்க.

முழுசா முடியட்டும்னு காத்திருக்க வேணாம், நாப்பது பக்கம் வந்ததும் ஜெராக்ஸ் எடுத்து பைண்டிங் பண்ணி ஸ்கூலுக்கு ஒண்ணு, ஊர் நூலகத்துக்கு ஒண்ணு, டீக்கடைக்கு ஒண்ணு குடுங்க. பஸ்ஸுக்கு நிக்கிறவங்க படிக்கிறது டீக்கடை காப்பியைத்தான். அதுல கடைசி பத்துப் பக்கத்தை வெறுமையா விட்டு, ஒரு பேனாவையும் நூல்ல கட்டித் தொங்க விடுங்க, எங்க காப்பியில இதுவரைக்கும் ஆறு பக்கம் நிறைஞ்சிருக்கு.