கணக்குத் திறமையை விண்ணப்பத்தில் காட்டியது எப்படி: என் அனுபவம்

இலங்கையின் ஹட்டனில் என்னிடம் கணக்குப் படிக்கும் அக்கா மகள், அமெரிக்காவின் பிலிப்ஸ் எக்ஸிட்டர் விடுதிப் பாடசாலைக்கு விண்ணப்பித்தாள். முதல் வரைவில் தவணைப் புள்ளிகளும் சான்றிதழ்களும்தான் இருந்தன. நூற்றுக்கு நூறு எடுக்கிற பிள்ளைகள் உலகம் பூராவும் விண்ணப்பிக்கிறார்கள். அதை வைத்து இவள் யாரென்று எப்படித் தெரியும்?

அங்கே கணக்குக்குக் கடையில் வாங்கும் பாடப்புத்தகம் இல்லை. ஆசிரியர்களே தொகுத்த கணக்குகளைப் போட்டுப் பார்த்துவிட்டு, நீள்வட்ட மேசையைச் சுற்றியிருந்து பேசுகிறார்கள். அந்தத் தொகுப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, கட்டாயம் பாருங்கள். அப்படியானால் இவள் யோசிக்கிற விதத்தையே அனுப்புவோம் என்று கொப்பிகளைப் புரட்டினேன்.

ஒரு பக்கத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு ஏறும் படிகள். ஒரு தாவலில் 1, 2 அல்லது 3 படி ஏறலாம். மொத்தம் எத்தனை விதம்? ஒரு படிக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4. நான்குக்கு 8 என்று எழுதி, எண்ணிப் பார்த்து, வெட்டி 7 ஆக்கியிருந்தாள். கீழே காரணம்: கடைசித் தாவல் 1, 2, 3 இல் ஒன்றுதான், ஆகவே முந்தைய மூன்றையும் கூட்ட வேண்டும். ஐந்துக்கு 13.

"மாமா, அந்த 8ஐ அழிச்சிரவா?"

"வேணாம்மா, அப்படியே இருக்கட்டும்."

வெட்டோடு சேர்த்தே அந்தப் பக்கத்தை இணைத்தோம். அவளுடைய பாடசாலை ஆசிரியரிடமும், பரிந்துரைக் கடிதத்தில் 'கெட்டிக்காரி' என்று பொதுவாக எழுதாமல், வகுப்பில் அவள் கேட்ட ஒரு கேள்வியை எழுதித் தரச் சொன்னோம். நேர்முகத்தில் அவளிடம் அந்த 8ஐப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள்.