பிச்சாவரம் சேற்றில் யார் யார் இருக்கிறார்கள்? டிஎன்ஏ வழியே பார்க்கும் முறை

சேற்றைக் கரைத்து அகார் தட்டில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ் தட்டு) தடவினால் முளைத்து வருவது அதிலுள்ள பாக்டீரியாக்களில் மிகச் சிறு பங்குதான். மீதியையும் பார்க்க டிஎன்ஏதான் வழி. பிச்சாவரம் அலையாத்திக் காட்டையே எடுத்துக்கொள்வோம்.

1. சேறு எடுத்தல்

வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். தண்ணீர் வடிந்த நேரத்தில், முனை வெட்டிய சிரிஞ்சை வெண்கண்டல் மரத்தடியில் செருகி இழுங்கள். மேலே மெல்லிய பழுப்புப் படலம். அடியில் கறுப்பு, அழுகின முட்டை வாடை. கறுப்பு இரும்பு சல்பைடு, வாடை ஹைட்ரஜன் சல்பைடு. காற்றில்லாத இடத்தில் கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு பிழைக்கும் பாக்டீரியாக்களின் வேலை இது. இரண்டு அடுக்கையும் தனித்தனிக் குழாயில் போடுங்கள். கலந்தால் பிறகு பிரிக்க முடியாது. ஐஸ் பெட்டியில் கொண்டுபோய் மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள்.

2. டிஎன்ஏ பிரித்தல்

மண்ணிலிருந்து டிஎன்ஏ பிரிப்பதற்கென்றே கிட் (தேவையான கரைசல்களும் குழாய்களும் கொண்ட பெட்டி) கிடைக்கிறது. கால் கிராம் சேறு போதும். நுண்மணிகளோடு குலுக்கினால் செல்கள் உடையும். சேறு போடாத வெற்றுக் குழாய் ஒன்றையும் கூடவே நடத்துங்கள். கிட்டிலேயே ஒட்டிவரும் பாக்டீரியா டிஎன்ஏவை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

3. பிசிஆர்

பிசிஆர் என்பது டிஎன்ஏவின் ஒரு துண்டை மட்டும் பல மடங்கு நகலெடுக்கும் முறை. இங்கே பெருக்க வேண்டியது 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணு. எல்லா பாக்டீரியாவிலும் உண்டு, ஆனால் எழுத்துகள் வகைக்கு வகை கொஞ்சம் மாறும், அதை வைத்துத்தான் பெயர் கண்டுபிடிக்கிறோம். நீளம் சுமார் 1,500 டிஎன்ஏ எழுத்து. அதில் வி3–வி4 என்ற துண்டு மட்டும் போதும், சுமார் 460 எழுத்து.

பெருகிய டிஎன்ஏவை ஜெல்லில் ஓட்டினால் கோடாகத் தெரியும். முதல் தடவை எனக்கு ஒரு கோடுகூட வரவில்லை. டிஎன்ஏ குறைவு போல என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன், அப்போதும் இல்லை. குழாயைத் தூக்கிப் பார்த்தால் வெளிர் தேநீர் நிறம். ஹியூமிக் அமிலம், அதாவது மக்கிய இலைதழையிலிருந்து வரும் பழுப்புப் பொருள்! பிசிஆர் நொதியை அது முடக்கிவிடும். கூட்டக் கூடாது, பத்து மடங்கு நீர்க்க வேண்டும். நீர்த்ததும் கோடு பளிச்சென்று வந்தது.

4. வரிசையைப் படித்தல்

பெருக்கிய துண்டுகளின் எழுத்து வரிசையைப் படிப்பதை வெளி ஆய்வகத்திடம் விடலாம். வரும் கோப்புகளைச் சைம் 2 (QIIME 2) என்ற இலவச மென்பொருளில் சுத்தம் செய்து, பெயர் தெரிந்த வரிசைகளின் தொகுப்பான சில்வா (SILVA) தரவுத்தளத்தோடு ஒப்பிட்டால் பாக்டீரியாக்களின் பெயர்களும் ஒவ்வொன்றின் விழுக்காடும் வரும். பசுங்கணிக (குளோரோபிளாஸ்ட்) வரிசைகளை நீக்கிவிடுங்கள். அவை பாசியும் இலைத்தூளும் கொண்டுவந்தவை.

அந்த விழுக்காட்டைத் தலைக்கணக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில பாக்டீரியாவில் இந்த மரபணு ஒரே பிரதி, சிலவற்றில் பத்துக்கு மேல். செத்த செல்லின் டிஎன்ஏவும் இதில் சேரும். கறுப்பு அடுக்கில் சல்பேட்டைக் கொண்டு பிழைப்பவை எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? அந்த வேலைக்கு அவை பயன்படுத்தும் டிஎஸ்ஆர்பி (dsrB) மரபணுவைத் தனியாக க்யூபிசிஆரில் (பெருகும் டிஎன்ஏவை அளந்து பிரதிகளைக் கணக்கிடும் பிசிஆர்) எண்ணுங்கள்.