வேலை பண்ணா மட்டும் பத்தாது, தெரியணும்: ஆன்லைன் ப்ராஜெக்ட் கோர்ஸ் எடுக்குறவங்களுக்கு

நான் சென்னைல இருந்து அஞ்சு செமஸ்டரா ஒரு ப்ராஜெக்ட் கோர்ஸ முழுக்க ஆன்லைன்லயே நடத்துறேன். தாம்பரம், ஆவடி, திருவொற்றியூர்ல இருந்தெல்லாம் பசங்க சேர்றாங்க, ரெண்டு மூணு பேர் விழுப்புரம் தூத்துக்குடி பக்கம் வீட்ல இருந்தே படிக்கிறாங்க. ஒவ்வொரு தடவையும் நல்லா வேலை பண்ண பசங்களே மார்க் விடுறதப் பாக்கும்போது மனசு அடிச்சுக்குது, ஏன்னா அது பாடம் தெரியாம போன மார்க் கிடையாது, பண்ணத எங்கயும் காட்டாம விட்டதால போன மார்க். அதனாலதான் இத நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

காலேஜ் லேப்ல நீங்க ஒரு எரர வச்சுக்கிட்டு திருதிருன்னு முழிச்சாலே போதும், அந்தப் பக்கம் போற மேம் நின்னு "என்னம்மா, ஓடலயா"ன்னு ஸ்கிரீன எட்டிப் பாத்துருவாங்க. ஆன்லைன்ல அதுக்கு வழியே இல்ல. நீங்க ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மாங்கு மாங்குன்னு உக்காந்து பண்ணீங்களா, லேப்டாப்ப மூடி வச்சுட்டீங்களா, எனக்கு எப்படித் தெரியும்? நீங்க எழுதி வச்சது, கேட்டது, ரெப்போல, அதாவது டீம் கோட வச்சிருக்குற கிட்ஹப் பக்கத்துல ஏத்தினது, இத வச்சுத்தான் நான் உங்களப் பாக்கவே முடியும். இது மனசுல பதிஞ்சுடுச்சுன்னா மத்த ரூல் எல்லாம் எதுக்குன்னு தானா புரிஞ்சுடும்.

முதல் வாரம் கோடு எழுதாதீங்க, கோர்ஸ் ஹேண்டவுட்ட முழுசா படிங்க. எதுக்கு எவ்வளவு மார்க், லேட்டானா எவ்வளவு கழிப்பாங்க, ரிவ்யூ எத்தன, டீம் மார்க்கா தனி மார்க்கா, இது எல்லாம் அதுலயே இருக்கும். எங்க கோர்ஸ்ல ரிப்போர்ட்டும் வைவாவும் (நேர்ல கேள்வி கேட்டு மார்க் போடுறது) சேந்தே பாதி மார்க், இது தெரியாம பதிமூணு வாரம் கோடுலயே விழுந்து கெடந்துட்டு கடைசி ஒரு நாள்ல ரிப்போர்ட் அடிக்கிற டீம் ஒவ்வொரு பேட்ச்லயும் இருக்கு. மார்க் பிரிச்சிருக்கறத ஒரு பேப்பர்ல எழுதி டேபிளுக்கு எதிர்ல ஒட்டிருங்க.

அடுத்து டாபிக். இங்கதான் பாதிப் பேர் சறுக்குறாங்க, அதனால ஒரு டீம் கதையவே சொல்றேன். டாபிக் முடிவு பண்ற ஜீரோத் ரிவ்யூல வந்து "சென்னை தண்ணிப் பிரச்சனைக்கு ஒரு ஆப் பண்றோம் மேம்"னாங்க. நல்ல எண்ணம், 2019 ஜூன்ல ஏரியெல்லாம் காஞ்சு போய் தெருத்தெருவா குடத்தோட லாரிக்கு நின்னது அவங்க வீட்லயும் நடந்திருக்கு, அந்த வலி பேச்சுலயே தெரிஞ்சுது. ஆனா "அந்த ஆப்ப யாரு திறப்பாங்க, திறந்ததும் முதல்ல என்ன தெரியும்?"னு கேட்டா நாலு பேர்கிட்டயும் பதில் இல்ல. லாரி புக்கிங், போர்வெல் கணக்கு, மழை கணிப்புன்னு எல்லாத்தையும் பட்டியல்ல வச்சிருந்தாங்க, ஒரு செமஸ்டர்ல அதுல ஒண்ணு கூட உருப்படியா முடியாது.

உக்காந்து வெட்டினோம், வெட்டி வெட்டி கடைசியா மிஞ்சினது ஒரே வரி: இன்னைக்கு ஏரிகள்ல எவ்வளவு தண்ணி இருக்கு, போன வருஷம் இதே தேதில எவ்வளவு இருந்துது, ரெண்டையும் ஒரே படத்துல காட்டணும். மெட்ரோ வாட்டர், அதான் சென்னைக் குடிநீர் வாரியம், தினமும் ஏரி நிலவரம் போடுறாங்க, பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை, அஞ்சும் ரொம்பினா மொத்தம் 11,757 மில்லியன் கன அடி. டேட்டா கைல இருக்கு, கேள்வி தெளிவா இருக்கு, நாலாவது வாரமே ஓடுற பக்கம் ஒண்ணு ரெடியாயிடுச்சு. மத்ததெல்லாம் அதுக்கு மேல ஒவ்வொண்ணா சேத்தாங்க. உங்க டாபிக்கையும் இப்படி ஒரே வரில உங்க பாட்டிக்குப் புரியுற மாதிரி சொல்ல வருதான்னு பாருங்க, வரலன்னா இன்னும் வெட்டணும்னு அர்த்தம்.

இதே டீம்ல இன்னொண்ணு நடந்துது, எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம். முதல் படத்துல பூண்டியக் காட்டுற கம்பம் செம்பரம்பாக்கத்த விட உயரமா வந்துது. போட்ட பொண்ணுக்கே சந்தேகம், செம்பரம்பாக்கம்தான பெருசு? தேடிப் பாத்தா கொள்ளளவு எடுக்க வேண்டிய இடத்துல நீர்மட்டத்த எடுத்திருக்கா. பூண்டியோட முழு உயரம் 35 அடி, செம்பரம்பாக்கம் 24 அடிதான், ஆனா தண்ணி புடிக்கறது பூண்டில 3,231, செம்பரம்பாக்கத்துல 3,645 மில்லியன் கன அடி. இத அவ சத்தமில்லாம திருத்திட்டுப் போயிருக்கலாம், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அவ அத வாராந்திர லாக்ல தேதி போட்டு, தப்பான படம் ஒண்ணு சரியான படம் ஒண்ணு ரெண்டையும் வச்சு, ஏன் தப்பு நடந்துதுன்னு அஞ்சு வரி எழுதியிருந்தா. அந்த அஞ்சு வரிக்கு நான் குடுத்த மார்க், வேற டீம் ரெண்டு வாரம் கோடு எழுதி வாங்கின மார்க்குக்கு சமம். தப்பு பண்ணா மார்க் போயிடும்னு நெனச்சு மறைக்காதீங்க, கண்டுபிடிச்ச தப்பு எல்லாமே மார்க்தான்.

அதனால லாக் எழுதறத வெட்டி வேலைன்னு நெனைக்காதீங்க. பெருசா ஒண்ணும் வேணாம், வாரத்துக்கு ஒரு தடவ, என்ன பண்ணேன், எங்க மாட்டிக்கிட்டேன், அடுத்த வாரம் என்ன பண்ணப் போறேன். ஒண்ணுமே பண்ணாத வாரம்னா அதையும் எழுதுங்க, "இன்டர்னல் எக்ஸாம், பண்ணல"ன்னு ஒரு வரி போட்டா எனக்கு நிம்மதி, எதுவும் வரலன்னாதான் பயமா இருக்கும்.

ரெப்போ விஷயம். கமிட் பண்ணா, அதாவது மாத்தினதப் பதிஞ்சு வச்சா, அது உங்க லேப்டாப்லதான் இருக்கு, அத ரெப்போவுக்கு ஏத்தி புஷ் பண்ணாதான் எங்களுக்குத் தெரியும், இது தெரியாம "மேம் நான் தினமும் பண்ணேனே"ன்னு அழுத பையன் உண்டு. அன்னன்னைக்கு பண்ணத அன்னன்னைக்கே புஷ் பண்ணுங்க. மெசேஜ்ல ஃபைனல், ஃபைனல் 2னு போடாம என்ன மாத்தினீங்கன்னு எழுதுங்க, மூணு மாசம் கழிச்சு வைவால அதப் பாத்துத்தான் உங்களுக்கே ஞாபகம் வரும். அப்புறம் கிட்ஹப்ல 100 எம்பிக்கு மேல ஒரே ஃபைல ஏத்த விடாது, பெரிய டேட்டா, வீடியோ எல்லாம் டிரைவ்ல போட்டு லிங்க் குடுங்க. பாஸ்வேர்டு, ஏபிஐ கீ எதையும் கோடுக்குள்ள வச்சு ஏத்திராதீங்க, அப்புறமா அழிச்சாலும் பழைய கமிட்ல அப்படியே உக்காந்திருக்கும்.

கேள்வி கேக்குறதுக்கும் ஒரு முறை இருக்கு. ஒரு பையன் முதல்ல அனுப்பினது "மேம் எரர் வருது"ன்னு ஒரு வரி, கூட செல்போன்ல சாய்வா எடுத்த ஸ்கிரீன் போட்டோ, இத வச்சு நான் என்ன பண்ண முடியும்? அதே பையன் ரெண்டு மாசம் கழிச்சு அனுப்பின மெசேஜ் இது: "வணக்கம் மேம், டீம் 7. ஏரி டேட்டாவ ஏத்தும்போது 04-12-2023ன்னு இருக்கறது ஏப்ரல் 12ன்னு ஏறுது. 13ஆம் தேதிக்கு மேல எல்லாம் சரியா வருது, 12 வரைக்கும்தான் தப்பு. மாசமும் தேதியும் மாறிப் போகுதுன்னு நெனைக்கிறேன். கோடு லிங்க் கீழ இருக்கு, 42வது லைன். இன்னைக்கு ராத்திரிக்குள்ள பதில் கெடச்சா போதும்." இதுக்குப் பதில் சொல்ல எனக்கு ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு, சொல்லப்போனா பாதிப் பதில அவனே எழுதிட்டான். அரை மணி நேரம் நீங்களே முட்டிப் பாருங்க, அதுக்கப்புறமும் வரலன்னா கேட்டுருங்க, மூணு நாள் தனியா போராடாதீங்க. எனக்குத் தனியா அனுப்பாம குரூப்ல கேட்டா இன்னும் நல்லது, அதே இடத்துல இன்னும் நாலு பேர் மாட்டியிருப்பாங்க. கூச்சப்பட வேணாம், தமிழ்ல கேட்டாலும் சரி, தங்லீஷ்ல கேட்டாலும் சரி.

டீம்ல ஒருத்தர் காணாமப் போயிட்டா என்ன பண்றது? இது எல்லா பேட்ச்லயும் வரும். ஃப்ரெண்டாச்சேன்னு மூடி மறைச்சு அவன் வேலையையும் நீங்களே பண்ணிட்டு கடைசி ரிவ்யூல வந்து சொன்னா, அப்ப என்னால ஒண்ணுமே பண்ண முடியாது. ஒரு வாரம் பதில் இல்லன்னா நேரா போன் பண்ணுங்க, மெசேஜ் வேணாம், போன். வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லாம இருக்கலாம், ஃபீஸ் கட்ட பார்ட் டைம் வேலைக்குப் போயிட்டு இருக்கலாம். ரெண்டாவது வாரமும் இப்படியேன்னா என்கிட்ட சொல்லிருங்க. அது போட்டுக் குடுக்குறது ஆகாது, சீக்கிரம் தெரிஞ்சாதான் அவனுக்கும் சின்னதா ஒரு பகுதி பிரிச்சுக் குடுத்துக் காப்பாத்த முடியும்.

கரண்ட், நெட். சென்னைல இருக்கறவங்க இத முன்கூட்டியே யோசிச்சே ஆகணும். மெயின்டெனன்ஸ் ஷட்டவுன் நம்ம ஏரியாவுக்கு என்னைக்குன்னு முந்தின நாளே பேப்பர்ல வந்துரும், பெரும்பாலும் காலைல 9 மணிக்குப் போகும், டெமோ அன்னைக்கு அதுதானான்னு பாத்து வைங்க. ரௌட்டருக்கு சின்ன யுபிஎஸ் ரிச்சி ஸ்ட்ரீட்ல கெடைக்கும், வாங்கப் போகும்போது உங்க ரௌட்டர் அடாப்டர்ல எத்தன வோல்ட், எத்தன ஆம்ப்ஸ்னு போட்டோ எடுத்துட்டுப் போங்க. இது எல்லாம் மீறியும் நடக்கும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்ப வேளச்சேரி பள்ளிக்கரணை பக்கம் நாள் கணக்குல கரண்ட் இல்ல, டவரும் இல்ல. அப்ப எங்க டீம்கள்ல தப்பிச்சது தினமும் புஷ் பண்ண பசங்கதான், அவங்க கோடு பத்திரமா இருந்துது, மதுரைல இருந்த டீம்மேட் எடுத்துத் தொடர்ந்தான். மழைக்காலத்துல சப்மிஷன் வந்தா ரெண்டு நாள் முன்னாடியே ஒரு வெர்ஷன் போட்டு வச்சுருங்க.

வீட்ல ஒரே ஹால், டிவி ஓடுது, தம்பி ஒரு பக்கம் படிக்கிறான், கேமரா ஆன் பண்ணக் கூச்சமா இருக்குன்னா முதல் வாரமே எனக்கு ஒரு மெயில் போடுங்க. எந்த டீச்சரும் கோச்சுக்க மாட்டாங்க, சொல்லாம விட்டாதான் ஆர்வம் இல்லன்னு நெனச்சுப்பாங்க. ரிப்போர்ட் எழுத அமைதியான எடம் வேணும்னா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கு, நம்ம புக்க எடுத்துட்டுப் போய்ப் படிக்கத் தனிப் பகுதியே உண்டு.

வெளிநாட்டு யுனிவர்சிட்டி கோர்ஸ் எடுக்குறவங்க டெட்லைன் நேரத்த நல்லாப் பாருங்க. அமெரிக்கா கிழக்குப் பக்கம் ராத்திரி 11:59ன்னா நமக்கு மறுநாள் காலை 9:29, நவம்பர்ல அவங்க கடிகாரத்த மாத்தினதுக்கு அப்புறம் 10:29. ஏஓஇன்னு போட்டிருந்தா உலகத்துல கடைசியா நாள் முடியுற எடத்து நேரம், நமக்கு மறுநாள் சாயந்திரம் 5:29. மீட்டிங் நேரமும் இப்படித்தான் நவம்பர்லயும் மார்ச்லயும் ஒரு மணி நேரம் நகரும்.

காப்பி பத்தி கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். காசு குடுத்தா ரெடிமேடா ப்ராஜெக்ட் செஞ்சு தர சென்டர் நம்ம ஊர்ல எவ்வளவோ இருக்கு, தயவுசெஞ்சு போகாதீங்க. அப்பா அம்மா கடன் வாங்கிக் கட்டின ஃபீஸுக்கு மேல இன்னொரு செலவு, கைல வர்றது நாலு வருஷமா சுத்திட்டு இருக்குற ஒரே கோடு. யுஜிசியோட 2018 விதிப்படி தீசிஸ்ல 10 சதவீதத்துக்கு மேல ஒத்துப் போனாலே திருத்திக் குடுக்கச் சொல்லுவாங்க, 60ஐத் தாண்டினா ரெஜிஸ்ட்ரேஷனே ரத்து. கோர்ஸ் ப்ராஜெக்ட்டுக்கு உங்க காலேஜ் வச்சிருக்குற ரூல் வேறயா இருக்கலாம், கேட்டுத் தெரிஞ்சுக்கங்க. சாட்ஜிபிடி மாதிரி ஏஐ உபயோகிக்கலாமாங்கறதும் கோர்ஸுக்குக் கோர்ஸ் மாறும். எங்க கோர்ஸ்ல விடுறோம், ஆனா எந்தப் பகுதிக்கு, என்ன கேட்டீங்க, அதுல நீங்க என்ன மாத்தினீங்கன்னு ரிப்போர்ட்ல எழுதியே ஆகணும்.

காப்பி அடிச்சது எல்லாம் வைவால தெரிஞ்சுரும். ஒரு பையன் டெமோ பிரமாதமா காட்டினான், நான் ஒரு லைனக் காட்டி "இந்தக் கண்டிஷன எடுத்துட்டா என்னப்பா ஆகும்?"னு கேட்டேன். ஃபேன் சத்தம் கேக்குது, பின்னாடி குக்கர் விசில் கேக்குது, அவன் குரல் மட்டும் வரல. எனக்கே தாங்கல. வைவாவுக்கு முந்தின நாள் டீம்ல ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் விளக்கிப் பாருங்க, திக்குற எடம் எல்லாத்தையும் குறிச்சு வச்சு அத மட்டும் படிங்க, அது போதும். தெரியலன்னா தெரியலன்னே சொல்லுங்க, "தெரியல மேம், ஆனா இப்படி ஓட்டிப் பாத்தா கண்டுபிடிக்கலாம்"னு சொன்னவங்களுக்கு நான் மார்க் குடுத்திருக்கேன். டெமோவ முன்னாடியே ரெக்கார்ட் பண்ணியும் வச்சுக்கங்க, நெட் சொதப்பினா அதப் போட்டுக் காட்டலாம். ஃப்ரீ ஸூம்னா 40 நிமிஷத்துல கட் ஆயிடும், ஒத்திகை பாக்கும்போது அத மனசுல வச்சுக்கங்க.

கடைசியா சப்மிட் பண்ற அன்னைக்கு. அனுப்பின லிங்க்க உங்க லேப்டாப்லயே லாகின்ல இருக்கும்போது திறந்து பாத்துட்டு "ஓடுது"ன்னு போயிடாதீங்க. பிரவுசர்ல லாகின் இல்லாத இன்காக்னிட்டோ விண்டோல ஒட்டித் திறங்க, இல்லன்னா அக்கா போன்ல திறக்கச் சொல்லுங்க. டிரைவ் லிங்க் ஆக்சஸ் கேட்டு நின்னா ஷேரிங்ல போய் மாத்திட்டு, திரும்ப ஒரு தடவ அதே போன்ல திறந்து பாத்துட்டு அப்புறம் தூங்கப் போங்க.