ஸ்னோமொபைல் எஞ்சின் மவுண்ட் போல்ட் உடைந்தால்: உள்ளே மாட்டிய துண்டை எடுக்கும் முறை

என் ஸ்னோமொபைலில் (பனியில் ஓடும் வண்டி) திராட்டிலை அழுத்தியதும் முன்பக்கத்திலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். புதிதாகப் போட்ட பெல்ட் சில ஓட்டங்களிலேயே ஓரம் பிய்ந்து, கிளட்ச் அறை முழுக்கக் கறுப்புத் தூள். எக்ஸாஸ்ட் ஸ்பிரிங் வேறு ஒன்று காணவில்லை. கிளட்சில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் அதையே நோண்டினேன். கடைசியில் டார்ச் அடித்துக் கீழே பார்த்தபோதுதான் தெரிந்தது: எஞ்சினை வண்டியோடு பிடித்து வைக்கும் எஞ்சின் மவுண்ட் போல்ட் ஒன்று தலை தனியாகக் கிடக்கிறது, மீதித் துண்டு எஞ்சின் உடம்புக்குள் இருக்கிறது.

உங்களுக்கும் இதே அறிகுறிகள் இருந்தால் கிளட்சைத் தொடாதீர்கள். எஞ்சினைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ரப்பர் மவுண்ட் என்பதால் கொஞ்சம் அசையத்தான் செய்யும். ஆனால் ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் அங்கேதான் உடைந்திருக்கிறது.

பேட்டரி வயரைக் கழற்றுவது, பெல்ட்டை எடுப்பது, எக்ஸாஸ்ட் பைப்பை இறக்குவது இதெல்லாம் உங்கள் வண்டியின் மேனுவலில் இருக்கிறது. நேராகப் போல்ட்டுக்கு வருகிறேன்.

முதலில் உடைந்த முகத்தைப் பாருங்கள்

கழன்று வந்த தலைத் துண்டை வீசிவிடாதீர்கள். அதைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். முகத்தின் ஒரு பகுதி வழவழப்பாக, மணலில் அலை விட்டுப்போன தடம் போல வளைவு வளைவாகக் கோடுகளோடு இருந்து, மீதி மட்டும் சொரசொரப்பாக இருந்தால், போல்ட் ஒரே நாளில் உடையவில்லை. முதலில் தளர்ந்தது. தளர்ந்த பிறகு ஒவ்வொரு அதிர்வுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டு, கடைசியில் விட்டுக்கொடுத்திருக்கிறது. முழுவதும் ஒரே மாதிரி சொரசொரப்பாக இருந்தால், ஒரே அடியில் போயிருக்கலாம்: பாறையில் மோதியது, அல்லது யாரோ அளவுக்கு மீறி முறுக்கியது.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. தளர்ந்து உடைந்த போல்ட்டின் உள்துண்டு பெரும்பாலும் இறுக்கமாக இருக்காது. கூர்மையான ஊசிமுனைக் கருவியை ஓரத்தில் வைத்துக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் தள்ளிப் பாருங்கள். சில நேரம் அப்படியே சுற்றிக்கொண்டு வந்துவிடும். வந்துவிட்டால் மரையைச் சரிபார்க்கும் இடத்துக்குத் தாவிவிடுங்கள்.

வரவில்லை என்றால்: எண்ணெயும் சூடும்

எஃகு போல்ட், அலுமினிய உடம்பு, நடுவில் உருகிய பனியின் ஈரம். இந்த மூன்றும் சேர்ந்தால் அரிப்பு பிடித்து வெள்ளைத் தூளாகி, போல்ட் ஒட்டிக்கொள்ளும். துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து ஓர் இரவு விடுங்கள். மறுநாள் அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்து உலர்த்திய பிறகு ஹீட் கன் வைத்துச் சூடாக்குங்கள். ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் பிடி தளரும். சிவப்பு லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) போட்ட போல்ட் என்றால் சுமார் 250 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறினால்தான் அது விடும்.

பக்கத்திலேயே கார்புரேட்டரும் பெட்ரோல் குழாயும் இருக்கும்போது தீச்சுடர் வேண்டாம். எஞ்சினை வெளியே எடுத்து வைத்திருந்தால் மட்டும் அதை யோசிக்கலாம். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தைச் சூடாக்கவோ வெல்டிங் செய்யவோ கூடாது. உயிருக்கே ஆபத்தான நச்சுவாயு வரும். டப்பாவில் குளோரின் இல்லாதது என்று பார்த்து வாங்குங்கள்.

நடுப்புள்ளி: என்னை மாட்டிவிட்ட இடம்

இந்தப் பதிவையே இந்தப் பகுதிக்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் தடவை நான் கண்ணளவில் நடுவில் சென்டர் பஞ்ச் வைத்துத் தட்டிவிட்டு டிரில் பண்ணினேன். உடைந்த முகம் சரிவாக இருந்தது. பிட் சரிவில் வழுக்கி ஓரத்துக்குப் போனது. ஓரத்தில் என்ன இருக்கிறது? மெத்தென்ற அலுமினியம். கடினமான எஃகை விட்டுவிட்டு அலுமினியத்தைத் தின்ன ஆரம்பித்தது. நான் கவனிப்பதற்குள் ஒரு பக்க மரை போய்விட்டது.

இப்போது நான் செய்யும் முறை இதுதான். முதலில் சின்ன கிரைண்டர் முனையால் உடைந்த முகத்தைத் தட்டையாக்குங்கள். பிறகு கண்ணை நம்பாமல் ஒரு புஷ் (பிட்டை நடுவில் பிடித்து நிறுத்தும் சின்ன உலோகக் குழாய்) வைத்துக்கொள்ளுங்கள். துண்டு குழிக்குள் கொஞ்சம் ஆழத்தில் இருந்தால், காலியாக இருக்கும் மரையே உங்களுக்கு வழிகாட்டி. M10, 1.5 பிட்ச் மரை (10 மில்லிமீட்டர் போல்ட், மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர்) என்றால், வெளி விட்டம் 8.3 மில்லிமீட்டர், உள் துளை 3 மில்லிமீட்டர் உள்ள ஒரு புஷ்ஷை லேத்தில் கடைந்து வாங்கினால், மரைக்குள் ஆட்டமில்லாமல் இறங்கும். துண்டு மேற்பரப்போடு சமமாக நின்றால், மவுண்ட் தகட்டை மீதி நல்ல போல்ட்டுகளால் அதன் இடத்தில் பொருத்தி, தகட்டின் துளைக்குள் பொருந்தும் அளவில் புஷ்ஷைக் கடையச் சொல்லுங்கள். தகட்டுத் துளை போல்ட்டைவிடச் சற்றுப் பெரிது என்பதால், முறுக்கும் முன் துளை துண்டுக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு அரைநாள் போகும். போகட்டும்.

டிரில் பண்ணுவது

இடது சுழற்சி கோபால்ட் பிட்தான் வாங்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. டிரில் இயந்திரத்தை ரிவர்ஸில் ஓட்டும்போது பிட் வெட்டிக்கொண்டே போல்ட்டைக் கழற்றும் திசையில் இழுக்கும். மெதுவான வேகம், கட்டிங் ஆயில், நல்ல அழுத்தம். முதலில் 3 மில்லிமீட்டர், அப்புறம் 5, அப்புறம் 6.5. இரண்டாவது பிட்டிலேயே துண்டு சுற்றி வெளியே வந்தது எனக்கு இருமுறை நடந்திருக்கிறது.

வரவில்லை என்றால், நேர்ப்பள்ளம் கொண்ட எக்ஸ்டிராக்டரை (உடைந்த துண்டைப் பிடித்துச் சுற்றும் கருவி) துளைக்குள் அடித்து இறக்கித் திருப்புங்கள். கூம்பு வடிவச் சுருள் எக்ஸ்டிராக்டர் எனக்குப் பிடிக்காது. திருப்பத் திருப்ப ஆப்பு மாதிரி இறங்கி, போல்ட்டை விரித்து இன்னும் இறுக்கிவிடும். அது உள்ளேயே ஒடிந்தால் சாதாரண பிட்டால் அதைத் துளைக்க முடியாது, கார்பைடு வேண்டும். எதிர்ப்பு அதிகம் என்று கை சொன்னால் நிறுத்திவிட்டு மறுபடி சூடாக்குங்கள்.

வெல்டிங் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. துண்டின் மேல் ஒரு வாஷர், அதன் மேல் ஒரு நட் வைத்து, உள்ளே மிக் வெல்டிங்கால் நிரப்பி, ஸ்பானர் போட்டுத் திருப்பலாம். எஃகுக் கம்பி அலுமினியத்தில் பற்றாது. வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். பேட்டரியோடு ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) பிளக்கையும் கழற்றி வைக்க மறக்காதீர்கள்.

மரையும் புதுப் போல்ட்டும்

துளைக்குள் டேப்பை (மரை வெட்டும் கருவி) கையால் ஓட்டிச் சுத்தம் செய்யுங்கள். மரை போயிருந்தால் ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே இறக்கும் கம்பிச் சுருள்) போடலாம். டிரில் அளவைக் கிட்டில் கொடுத்திருப்பதையே பயன்படுத்துங்கள், டேப் துளைக்கு நேர்செங்குத்தாக இறங்கட்டும். என் வண்டியில் ஹெலிகாயில் போட்ட துளை இன்றுவரை ஆடாமல் இருக்கிறது.

போல்ட் என்ன கிரேடோ (வலிமையைச் சொல்லும் எண்) அதே கிரேடு. தலையில் 10.9 என்று இருந்தால் 10.9 தான். பளபளப்பாக இருக்கிறது, துருப்பிடிக்காது என்று சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட் போடாதீர்கள், அதற்கு அந்த வலிமை கிடையாது. உடைந்ததை மட்டும் மாற்றாமல் எல்லா மவுண்ட் போல்ட்டையும் மாற்றுங்கள். ஒன்று தளர்ந்து கிடந்த காலம் முழுக்க அதன் சுமையையும் மற்றவைதான் சுமந்திருக்கின்றன.

எல்லாவற்றையும் முதலில் கையால் சில சுற்று ஏற்றுங்கள். மேனுவல் சொல்லும் இடத்தில், சொல்லும் மரைப் பசை போடுங்கள். அப்புறம் டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்). முடித்ததும் கிளட்ச் அலைன்மென்ட் பட்டை வைத்து பெல்ட் ஓடும் முன், பின் இரண்டு கிளட்சும் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். இதை விட்டால் அடுத்த பெல்ட்டும் போகும்.

பின்சேர்க்கை 1: போல்ட் முழுதாக இறங்கவில்லை, பாதியிலேயே இறுகுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அடிமூடிய துளைக்குள் எண்ணெய் தேங்கி நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னேன், அதுதான் காரணம். எண்ணெய்க்குப் போக இடமில்லை. அதையும் மீறி முறுக்கினால் அலுமினிய உடம்பே வெடித்துவிடும். கிளீனர் தெளித்து, காற்றடித்து, உலர்ந்த பிறகு போல்ட்டைப் போடுங்கள். எண்ணெய்ப் பசையோடு இருக்கும் மரையில் அதே டார்க் அளவுக்குப் போல்ட் கூடுதலாக இழுபடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பின்சேர்க்கை 2: புதுப் போல்ட் போட்டும் சில ஓட்டங்களில் மறுபடி உடைந்ததாக இன்னொருவர் சொன்னார். படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தால் ரப்பர் மவுண்ட் உலோகத்திலிருந்து பிரிந்து கிடந்தது. பெல்ட் இழுக்கும் விசை எப்போதும் எஞ்சினைப் பின் கிளட்சை நோக்கி இழுக்கும். ரப்பர் போய்விட்டால் அந்த இழுப்பு முழுதும் அடியாக மாறிப் போல்ட்டில் விழுகிறது. நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்: போல்ட்டை வெளியே எடுத்த கையோடு ரப்பரை வளைத்து விரிசல் பாருங்கள். எஞ்சின் திரும்பாமல் தடுக்கும் டார்க் ஸ்டாப் உங்கள் வண்டியில் இருந்தால், அதன் இடைவெளியையும் மேனுவல்படி வையுங்கள்.

போல்ட் தலையிலிருந்து தகடு வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன். முதல் ஓட்டம் முடிந்து எஞ்சின் ஆறியதும் கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்தேன். இப்போது ஒவ்வொரு முறை பெல்ட் மாற்றும்போதும் பார்க்கிறேன்.